புதிய பைக் பேட்டரிக்கு முதல் சார்ஜ்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் பைக்குக்குப் புதிதாக 12 வோல்ட், 5 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரி வாங்கினேன். கடையில் ஆசிட் ஊற்றி, கால் மணி நேரத்தில் வண்டியில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஓட்ட ஓட்டத் தானாகச் சார்ஜ் ஏறிவிடும் என்கிறார்கள். அது சரிதானா?

பதில்: சரியல்ல. புதிய பேட்டரி சீக்கிரம் போவதற்கு நான் பட்டறையில் அதிகம் கண்ட காரணமே இந்த அவசரம்தான். ஆசிட் இல்லாமல் விற்கப்படும் பேட்டரியின் தகடுகள் ஆலையிலேயே சார்ஜ் செய்து உலர்த்தப்பட்டவை என்றாலும், ஆசிட் ஊற்றியதும் அது ஏறத்தாழ 80 சதவீதத்தையே எட்டும். மீதியை முதல் சார்ஜ்தான் நிரப்ப வேண்டும். அதைச் செய்யாமல் செல்ஃப் ஸ்டார்ட்டும் ஹெட்லைட்டுமாக ஊருக்குள்ளேயே குறுந்தூரம் ஓட்டிக்கொண்டிருந்தால், வண்டி தரும் மின்சாரம் அன்றாடச் செலவுக்கே சரியாகிவிடும். குறைசார்ஜில் கிடக்கும் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். இறுகிய பின் எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் இழந்த கொள்ளளவு முழுமையாகத் திரும்பாது. உங்களுக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. இன்றே கழற்றிச் சார்ஜ் போடுங்கள்.

கேள்வி: ஆசிட்டை வீட்டிலேயே ஊற்றலாமா?

பதில்: ஊற்றலாம், ஆனால் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் தொடவே வேண்டாம். முதலில், வாயு வெளியேறும் பிரீதர் முனையை அடைத்திருக்கும் சிறு ரப்பர் மூடியைக் கழற்றுங்கள். அதை மறந்துவிட்டால், சார்ஜ் ஏறும்போது எழும் வாயு வெளியேற வழியின்றிப் பெட்டியே வெடித்துவிடக்கூடும். பிறகு, பேட்டரிக்கென விற்கப்படும் ஆசிட்டை ஆறு அறைகளிலும் மேல்கோடு வரை நிரப்புங்கள். சிறிது நேரத்தில் பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தால் சூடு தெரியும்; தகடுகளும் இடைத் தடுப்புகளும் உறிஞ்சிக்கொள்வதால், கோட்டைத் தொட்டு நின்ற ஆசிட்டும் சற்று இறங்கியிருக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆறவிட்டு, இறங்கிய அளவை அதே ஆசிட்டால் நிரப்பிய பிறகே சார்ஜரில் இணைக்க வேண்டும். ஆசிட் சேர்ப்பது அத்துடன் முடிந்தது. பின்னாளில் குறைவது தண்ணீர்தான் என்பதால், டிஸ்டில்ட் வாட்டரை மட்டுமே ஊற்றுங்கள்.

கேள்வி: என்னிடம் 6 ஆம்பியர் கார் சார்ஜர் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் வேலை சீக்கிரம் முடியுமே?

பதில்: பேட்டரியும் சீக்கிரம் முடிந்துவிடும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கே பாதுகாப்பான மின்னோட்டம்: 5 ஏஎச் பேட்டரிக்கு 0.5 ஆம்பியர், 9 ஏஎச் பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். அந்த அளவில், மூடிகளைத் திறந்துவைத்து, காற்றோட்டமான இடத்தில் 5 முதல் 10 மணி நேரம் பொறுமையாக ஏற்றுங்கள். எழுவது ஹைட்ரஜன் என்பதால் பக்கத்தில் பீடியோ விளக்கோ கூடாது. கிளிப்பை எடுக்குமுன் சார்ஜரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பெட்டி 45 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சுட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். ஆறு அறைகளிலும் குமிழிகள் ஒரே சீராக எழுந்து, மணிக்கொரு முறை பார்க்கும் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் கருவி) அளவு மேலும் ஏறாமல் நின்றால் சார்ஜ் நிறைந்துவிட்டது. சில மணி நேரம் ஓய்வாக வைத்த பின்னும் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும்.

கேள்வி: மூடியே திறக்க முடியாத மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரிக்கும் இதே முறைதானா?

பதில்: மின்னோட்டக் கணக்கு அதேதான். உடன் வரும் ஆசிட் அளந்து தரப்பட்டது. முழுவதையும் இறக்கி, ஆறவிட்டு, மூடிப் பட்டையை அழுத்திய பின் ஒருபோதும் நெம்பித் திறக்காதீர்கள்.

கேள்வி: திரும்ப மாட்டும்போது எந்த வயர் முதலில்?

பதில்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில், கழற்றும்போது நெகட்டிவ் முதலில். இந்த வரிசையில் செய்தால், ஸ்பேனர் தவறிச் சேசிஸில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. டெர்மினலில் சிறிது வாசலைன் தடவுங்கள். பிரீதர் குழாய் மடங்காமலும், அதன் முனை செயின் மீது சொட்டாமலும் கீழே இறக்கிவிட்ட பிறகே சீட்டை மூடுங்கள்.