இரண்டு மணிக்கு எழுகிறவருக்கு 'காலை மாத்திரை' எப்போது?

ராயபுரம் வாசகி கேட்கிறார்: 'அம்மாவுக்கு 58 வயது. காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்கிறார். பத்து வருடமாகச் சர்க்கரை, பிரஷர். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று டாக்டர் கடிந்துகொள்கிறார். விற்றுக்கொண்டிருக்கும்போதே படபடப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறார். என்ன செய்யலாம்?'

சீட்டில் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்றிருக்கும். எழுதியவர் மனதில் இருப்பது எட்டு மணி இட்லி. உங்கள் அம்மாவோ இரண்டு மணிக்கு எழுந்து ஒரு டீயோடு கிளம்புகிறவராக இருப்பார். சோறு என்று உட்காரப் பதினொன்று ஆகிவிடும். அவருக்கு எது காலை?

மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு என்று ஏதாவது இருந்தால், அது சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினை வெளியேற்றும். அதை வெறும் வயிற்றில் போட்டு, அன்னக்கூடையைத் தலையில் வைத்து நடந்தால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும்; படபடப்பு அதனாலும் வரலாம். மெட்பார்மின் மட்டும் என்றால் இப்படி இறங்குவது அரிது. ஆனால் ஒரே மாத்திரையில் இரண்டும் கலந்திருப்பது சகஜம். நீங்களாக நிறுத்த வேண்டாம். 'முதல் சோறு பதினொரு மணிக்குத்தான். இதை அப்போது போடலாமா?' என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அதற்கு ஒரே ஒரு தாள் போதும். மூன்று நாள் எழுதுங்கள். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், அன்றைய ஓட்டமே வேறு. எழுந்த நேரம், சாப்பிட்டது, டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, எத்தனை மணி நேரம் நடை, மாத்திரை போட்ட நேரம், படபடப்பு வந்த நேரம். ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடம்தான் என்பதால், இரண்டு மணி எழுச்சியும் பதினொரு மணிச் சோறும் முதல் வரியிலேயே வரட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தனித் தாள் வேண்டும். அந்த 61 நாளில் நடையும் சாப்பாடும் மாறுவதால், அதே அளவு மாத்திரை வேறு மாதிரி வேலை செய்யும்.

படபடப்போடு வியர்வையும் கை நடுக்கமும் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் பன்னோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். மீட்டர் கையில் இல்லாவிட்டால் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். பால் டீ இதற்கு மெதுவாகத்தான் வேலை செய்யும். சுருக்குப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

வார்த்தைகளாலும் வைத்தியம் தடம் மாறும். 'நெஞ்சுல வாயு புடிச்சிக்கிச்சு' என்று இஞ்சி சோடா குடித்துக் காத்திருந்தே மாரடைப்பின் முக்கியமான நேரத்தைக் கோட்டை விடுகிறார்கள். சர்க்கரைக்காரருக்கு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சிரைப்பு மட்டும்கூட வரலாம். அப்போது சோடா வேண்டாம், நேராக ஸ்டான்லி எமர்ஜென்சி. (பழைய ஆட்களுக்கு அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி, 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழியில் வந்த பெயர்.) அதேபோல, 'உடம்புல உப்பு ஏறிக்கிச்சு' என்றால் நம்மூரில் கிட்னி கோளாறு. அதனால் டாக்டர் 'உப்பைக் குறைங்க' என்றால், 'எனக்குத்தான் உப்பு ஏறலையே' என்று விட்டுவிடுவார்கள். அவர் சொல்வது சமையல் உப்பை: கருவாடு, ஊறுகாய் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம், தட்டிய ஒரு டீஸ்பூன்.

மீன்காரம்மாவிடம் கருவாட்டை விடச் சொல்வது நடக்கிற காரியமில்லை. வாரம் ஒரு நாள், வெந்நீரில் இருமுறை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனி உப்பு போடாமல் செய்யுங்கள். ஊறவைத்தால் உப்பு முழுவதும் போகாது. ஆகவே துண்டு சிறிதாக இருக்கட்டும்.

பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார்களா? தெருவில் விற்கும் பெண்கள் சத்தமில்லாமல் விட்டுவிடுவது இதைத்தான், கழிப்பறை இல்லாததால். வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்லவும் மாட்டார்கள். தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றையும் வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் சொல்லுங்கள். வீடு திரும்பிய பிறகு போடும்படி மாற்றவோ வேறு மாத்திரை தரவோ முடியும்.

காலில் மதமதப்பு, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி என்று எப்போதாவது சொன்னாரா? அப்படியானால் மீன் முள் குத்தினாலும் தெரியாது. பின்வார் வைத்த செருப்பு போடட்டும். ராத்திரி கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆடியில் தீமிதி வேண்டுதல் இருந்தால் மாற்றிக்கொள்வதுதான் நல்லது. சூடு தெரியாத கால் வெந்துபோன பிறகுதான் தெரியும். கூழ் ஊற்றுவதும் நேர்த்திக்கடன்தானே. ஆனால் கூழை ஒரு டம்ளரோடு நிறுத்தி, அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். ஊழியர் வருகிற நேரம் பார்த்து அம்மா தெருவில் இருந்தால் பயனில்லை. அவர் திரும்பும் நேரத்தை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள். மாத்திரை நேரத்தை மாற்றி மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். படபடப்பு எத்தனை முறை வந்தது என்ற கணக்கையும் அதே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.