சில்லிக்கு மிளகாய்த்தூள் வாங்குமுன்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் அமெரிக்கக் குறிப்பு ஒன்றைப் பார்த்து ‘சில்லி’ வைத்தாள். ராஜ்மா, கொத்துக்கறி, தக்காளி எல்லாம் அளவாகப் போட்டு, அதில் சொன்னபடியே 3 மேசைக்கரண்டி மிளகாய்த்தூளும் போட்டாள். ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை. மளிகைக்கடைத் தூளில் கலப்படமா? அடுத்த முறைக்கென்று குமுளியில் வெளிநாட்டு சில்லி மசாலா டப்பா வாங்கினேன். அதில் தேதியே இல்லை. அச்சடித்த விலைமேல் கூடுதல் விலை ஒட்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?
– கம்பம் வாசகி

பதில்: உங்கள் மளிகைக்காரர்மேல் தவறு இருக்காது அம்மா. அமெரிக்கக் கடைகளில் ‘சில்லி பவுடர்’ என்று விற்பது தனி மிளகாய்த்தூள் அல்ல. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், பூண்டுத்தூள், ஓரிகானோ என்ற வாசனை இலை எல்லாம் கலந்த மசாலா. 3 கரண்டி போட்டாலும் தாங்கும். அந்த இடத்தில் குண்டூர் சன்னம் மிளகாயை அரைத்த தூளைக் கொட்டினால் யாரால் சாப்பிட முடியும்?

டப்பா மசாலா இல்லாமலே சமாளிக்கலாம். 4 பேருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், காரம் வேண்டுமென்றால் அரைத் தேக்கரண்டி உங்கள் வழக்கமான தூள், ஒன்றரைத் தேக்கரண்டி வறுத்துப் பொடித்த சீரகம், ஆறேழு பல் பூண்டு. ஓரிகானோவுக்கு அலைய வேண்டாம். கொல்லையில் கற்பூரவல்லி இருந்தால் இரண்டு இலையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். மலைக்கு மேலே கேரளத்தில் பனிக்கூர்க்கா என்பார்களே, அதுதான். வாசனை அவ்வளவு நெருக்கம்.

கலப்படச் சந்தேகம் தீர, ஒரு டம்ளர் தண்ணீரின்மேல் ஒரு கரண்டி தூளைத் தூவிப் பாருங்கள். செங்கல்பொடி இருந்தால் அடியில் தங்கும். செயற்கைச் சாயம் இருந்தால் கோடு கோடாக நிறம் இறங்கும். ஆனால் சூடான் என்ற சாயம் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் அகப்படாது. 2003இல் ஐரோப்பாவில் நம் நாட்டு மிளகாய்ப் பொருட்களைச் சோதித்துப் பார்க்க வைத்தது அந்தச் சாயம்தான். அதனால் வற்றலாக வாங்கி, காயவைத்து, தெரிந்த மில்லில் கண்ணெதிரே அரைப்பதையே எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

டப்பா விஷயத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. இறக்குமதிப் பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தேதி, நிகர எடை, அதிகபட்ச விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் இருந்தாக வேண்டும். விலையைக் குறைத்து ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். கூட்டி ஒட்ட அனுமதி இல்லை. உட்பொருள் பட்டியலையும் படியுங்கள்: எடையில் அதிகமானதுதான் முதலில் வரும். முதல் பெயர் உப்பு என்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது உப்பைத்தான்.

ரசீதோடு போய்க் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். கடை கேரளத்தில், நாம் தமிழ்நாட்டில் என்று பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், கேரளத்துக்கு ஏறி இறங்க வேண்டாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

கேள்வி: தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குப் பசி தாங்கும் என்று நானும் சில்லி வைத்துப் பார்த்தேன். ராஜ்மா ஏழு விசில் வைத்தும் கல்லாகவே கிடக்கிறது. டின்னில் வருவதை வாங்கலாமா?
– பீருமேடு வாசகர்

பதில்: பசி தாங்குவது உண்மைதான். 100 கிராம் காய்ந்த ராஜ்மாவில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் நிறைய. (அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்காரர்கள் சில்லிக்குக் கறி மட்டும் போதும், பயறு கூடாது என்பார்கள். 1977இல் சில்லியை மாநில உணவாகவே அறிவித்தவர்கள் அவர்கள். நமக்கு வயிறு நிறைய வேண்டும், பயறு இருக்கட்டும்.)

டின் வேண்டாம். 400 கிராம் டின்னில் வடித்த எடை 240 கிராம் அளவுக்குத்தான் வரும்; மீதி உப்புத்தண்ணீர். கால் கிலோ காய்ந்த ராஜ்மா வெந்தால் அரைக்கிலோவுக்கு மேலேயே தேறும்.

வேகாததற்குக் காரணம் பெரும்பாலும் பழைய சரக்கு. ஈரமும் சூடுமான இடத்தில் பல மாதம் கிடந்த பயறு எத்தனை விசிலுக்கும் இளகாது. மங்கிய தோல், சுருக்கம், வெடிப்பு தெரிந்தால் வாங்காதீர்கள். முதலில் 100 கிராம் வாங்கி இரவு ஊறப்போட்டுப் பாருங்கள். காலையில் பாதி பருக்காமல் கிடந்தால் அந்தக் கடையில் மேற்கொண்டு வாங்க வேண்டாம். தக்காளியையும் முதலிலேயே சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புளிப்பு சேர்ந்தால் தோல் இளகாது. பயறு தனியே மெத்தென்று வெந்த பிறகே தக்காளி.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அரை மணி என்றால் இன்னும் நல்லது. பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சு இருக்கிறது. நாலைந்து வேகாத பயறே வாந்தி வரவழைக்கும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பானையில் இதை நேராகப் போடவே கூடாது. குக்கரில் வேகும்வரை வைத்தால் பயமில்லை.

நல்ல ராஜ்மா அகப்படாத வாரத்தில் வன்பயறு (சிவப்புத் தட்டைப்பயறு) வாங்குங்கள். விலை குறைவு, சீக்கிரம் வேகும். பக்கத்தில் சோற்றுக்குப் பதில் அவித்த கப்பைக்கிழங்கு (மரவள்ளி) வைத்துக்கொள்ளுங்கள்.