கடற்கரையில் ஓடும் ஆர்சி ட்ரக்: எந்த இடத்துக்கு எந்தத் திருகாணி?

கேள்வி: கல்லடிக் கடற்கரையில் 1/10 அளவு ஆர்சி (ரிமோட்டில் இயங்கும்) ட்ரக் ஓட்டுகிறேன். கறுப்புத் திருகாணிகள் துருப்பிடித்து, சிலவற்றின் தலைக்குழியும் உருண்டுவிட்டது. எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கலாமா? நீளமானதை வாங்கி வெட்டிப் போடலாமா?

பதில்: எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். கறுப்புத் திருகாணிகளின் 12.9 தர உருக்கு ஏறத்தாழ 1200 மெகாபாஸ்கல் இழுவையைத் தாங்கும். வழக்கமான ஸ்டெயின்லெஸ் தரமான ஏ2-70 தாங்குவது 700தான். மோட்டர் பிடிப்பு, சஸ்பென்ஷன் இணைப்புகள், பினியனின் (மோட்டர் தண்டிலுள்ள சிறு பற்சக்கரத்தின்) தலையில்லாத் திருகாணி ஆகியவற்றில் உருக்கே இருக்கட்டும். ரிசீவர் (சமிக்ஞை வாங்கி) பெட்டி, மூடிகள், மேற்கூட்டின் தாங்கிகளுக்கு ஸ்டெயின்லெஸ் போடலாம். உப்புக்கு ஏ2வைவிட ஏ4 தர ஸ்டெயின்லெஸ் நல்லது. அலுமினியத்துக்குள் போகும் ஸ்டெயின்லெஸ் மரையில் கிறீஸ் பூசுங்கள். உப்புநீர் பட்டால் அரிபடுவது அலுமினியம்தான்.

தலை உருள்வதற்குப் பெரும்பாலும் மணல்தான் காரணம். குழிக்குள் மணல் இறுகியிருந்தால் அலன் கீ (அறுகோணச் சாவி) அடிவரை இறங்காது, மேல் விளிம்பை மட்டும் பிடித்துச் சுரண்டிவிடும். ஊசியால் குழியைத் தோண்டிச் சுத்தமாக்கிய பிறகே கீயைப் போடுங்கள். எம்3 (3 மி.மீ. விட்டத் திருகாணி) பட்டன் தலைக்கும், மட்டமாக உள்ளே அமிழும் தட்டைத் தலைக்கும் 2 மி.மீ. கீ, உருளைத் தலைக்கு 2.5.

நீளத்தில்தான் பலர் தவறுகிறார்கள். எம்3×10 பட்டன் தலையில் 10 மி.மீ. என்பது தலைக்குக் கீழுள்ள தண்டு. தட்டைத் தலையில் தலையும் அந்த 10க்குள் அடக்கம். மோட்டரில் நீளம் கூடினால் நுனி உள்ளே சுருளைத் தொட்டு மோட்டரையே கெடுத்துவிடும். பழையதை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தே போடுங்கள்.

நீளமானதை வெட்டிப் போடலாம். முதலில் ஒரு நட்டைத் தலைவரை ஏற்றுங்கள். வைஸில் நட்டைப் பிடித்து வெட்டி, நுனியை அரத்தால் சற்றுச் சரிவாக ராவுங்கள். பிறகு நட்டைக் கழற்றுங்கள். வெளியே வரும்போது அது நசுங்கிய மரையைச் சீராக்கிவிடும். 12.9 உருக்குக் கடினமானது, அதற்குச் சுழலும் வெட்டுத் தட்டு வேண்டும். பக்கவெட்டுக் குறட்டால் முயன்றால் குறட்டின் வாய்தான் உடையும்.

பிளாஸ்டிக்கில் மீண்டும் பூட்டும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். 'டக்' என்று பழைய மரையில் விழுந்ததும் வலப்பக்கம் முறுக்குங்கள். இல்லாவிட்டால் புதிய மரை வெட்டிக்கொண்டு துளை தளர்ந்துவிடும். திருகாணி தளராமல் பிடிக்கும் நீல மரைப்பசை உலோகத்துக்குள் போகும் திருகாணிக்கு மட்டும். சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்கச் செய்யும்.