கேப்ரிவிக்கு சாதாரண கார் போதுமா?

செப்டம்பர் கடைசியில் பத்து நாள், மனைவியுடன் வடகிழக்கு நமீபியாவின் கேப்ரிவிப் பகுதி, சாதாரண கார் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ரூண்டுவிலிருந்து கத்திமா முலிலோ வரை பி8 சாலை முழுக்கத் தார்ச்சாலைதான், சுமார் 500 கி.மீ. நம் ஊர் போலவே இடது பக்க ஓட்டம். அதுவரைக்கும் கார் போதும். ஆனால் மஹாங்கோ வனவிலங்குப் பூங்காவில் ஆற்றோரப் பாதையை விட்டு விலகினால் மணல்தான். நான் ஆசைப்பட்டு உள்ளே விட்டு, ஒரு மதியம் முழுக்க டயரைத் தோண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யானைச் சாணம், அதுவும் புதுசு! காசு இடித்தாலும் ஃபோர் வீல் டிரைவ் எடுத்துவிடுங்கள்.

மாதம் அருமையான தேர்வு. ஒகவாங்கோ ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும். போப்பா அருவிப் பாறைகளில் ராக் பிராட்டின்கோல் பறவைகள், மணல்திட்டுகளில் ஆப்பிரிக்க ஸ்கிம்மர் பறவைகள், கரைகளில் பொந்து குடைந்து கூட்டங்கூட்டமாகச் செந்நிறப் பஞ்சுருட்டான்கள். நம் பச்சைப் பஞ்சுருட்டானைக் கம்பியில் பார்த்தே பழகிய கண்ணுக்கு, ஒரு கரையே சிவந்து எழும்புவதை நம்ப நேரமாகும். அதற்கு மட்டும் இரண்டு காலைகள் ஒதுக்குங்கள். விளிம்புக்கு மேலே நிற்காதீர்கள், கரை சரியும்.

டிவுண்டுவில் டேங்கை நிரப்பிவிடுங்கள். அடுத்து கொங்கோலா வரை சுமார் 200 கி.மீ பங்க் கிடையாது. இருட்டிய பின் ஓட்டவே வேண்டாம், யானை கடக்கும். அப்புறம், மலேரியா மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.