காது அரிப்புக்கு எண்ணெய் விடலாமா?

கேள்வி: வயது 46. பெரம்பூரில் இருக்கிறேன், சர்க்கரை நோய் உண்டு. இரண்டு வாரமாக வலது காதில் தாங்க முடியாத அரிப்பு, அடைப்பு. மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்தில் நாலு நாள் அடங்கியது. இப்போது முன்பைவிட மோசம். சனிக்கிழமை குளியலில் நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் விடுவது வழக்கம். தொடரலாமா?

பதில்: வேண்டாம், இன்றைக்கே நிறுத்துங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காதில் பூஞ்சை பிடித்திருக்கலாம். சென்னைப் புழுக்கத்தில் காது மூக்கு தொண்டை ஓபிக்கு இது ஓயாமல் வரும் தொல்லை. உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்ததுபோல் இருக்கும். அதன்மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள். அந்தக் கறுப்பு, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை.

சரி, மருந்து முதலில் ஏன் கேட்டது? கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிடும். ஆன்டிபயாடிக் பூஞ்சையைத் தொடாது. அதற்குப் போட்டியாக இருக்கும் பாக்டீரியாவை மட்டும் கொல்லும். அப்புறம் பூஞ்சை வைத்ததுதான் சட்டம்.

எண்ணெய் உள்ளே ஈரத்தையும் அழுக்கையும் தேக்கும். பட்ஸ், சேஃப்டி பின், சாவி எதுவும் உள்ளே போகக் கூடாது. காதில் ஊறும் குறும்பி நமக்குக் காவல். அது தானாகவே வெளியே வந்துவிடும். சுரண்டினால் தோல் கீறி, பூஞ்சைக்கு நாமே வழி திறந்துவிடுகிறோம்.

டாக்டர் முதலில் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்து, ஜவ்வில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகே பூஞ்சைக்கான மருந்து, பெரும்பாலும் க்ளோட்ரிமசோல் சொட்டு, சுமார் இரண்டு வாரம். அரிப்பு நின்றதும் பாதியில் விடுகிறவர்கள்தான் அடுத்த மாதமும் வந்து நிற்கிறார்கள். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காது வாயில் வையுங்கள்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதுதான் எனக்குக் கவலை. இரவில் தூங்கவிடாத ஆழமான வலி, சீழ், வாய் ஒருபக்கம் கோணுதல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தொற்று மண்டையோட்டின் அடி எலும்புவரை பரவக்கூடும். இவை இல்லாவிட்டாலும் இந்த வாரமே காட்டிவிடுங்கள். உங்களுக்குப் பக்கம், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலேயே இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. காலையில் போங்கள், அந்தச் சொட்டு மருந்து பாட்டிலையும் கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.