மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்குள் எலி வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தடுப்பது?

மார்கழி பிறந்ததிலிருந்து பரணில் ராத்திரியெல்லாம் உருட்டுகிறது, அடுப்படியில் கிடப்பது எலிப் புழுக்கையா என்று தெரியவில்லை, மருந்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணம் பக்கம், கொல்லைக்குப் பின்னால் வயல் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் இருப்பது மன்னார்குடிப் பக்கம். எனக்கும் கொல்லைப் படலைத் தாண்டினால் வயல்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

குளிருக்குப் பயந்து எலி வீட்டுக்குள் வருகிறது என்று சொல்வார்கள். பனி உறையும் ஊர்களுக்கு அது சரி. நம் மார்கழிக் குளிர் எலியை ஒன்றும் செய்யாது. இங்கே அதைக் கிளப்பி விடுவது தண்ணீரும் அறுவடையும்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரப்பு வளைகள் மூழ்கும்போது முதல் கூட்டம் மேட்டைத் தேடி வரும். மேடு என்றால் நம் வீடு, மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர். அடுத்து சம்பா கதிர் முற்றும் காலம். தின்னக் குறைவில்லாததால் வயல் எலி அப்போதுதான் குட்டி போட்டுப் பெருகும். சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம்தான். தையில் அறுவடை. அரிவாள் அறுப்பாக இருந்த காலத்தில் வயல் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். இப்போது மெஷின் இறங்கினால் காலையில் நின்ற பயிர் மதியம் இருக்காது. அத்தனை எலிக்கும் ஒரே நாளில் மறைவும் போய் இரையும் போய்விடுகிறது. அதே வாரம் புது நெல்லை மூட்டை கட்டி நாம் கூடத்தில் அடுக்குகிறோம். ஆகவே உங்களுக்கு இன்னும் மூன்று நான்கு வாரம் இருக்கிறது. பொங்கலுக்குள் வீட்டை அடைத்துவிட வேண்டும்.

புழுக்கையைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துகொள்ளலாம். சீரகம் அளவில், நுனி கூராக, நிறைய சிதறிக் கிடந்தால் சுண்டெலி. அரை அங்குல நீளத்தில் இரு முனையும் ஒடுங்கி இருந்தால் வீட்டு எலி. பரணில் உருட்டுவது பெரும்பாலும் இதுதான். தென்னை மட்டைக்குள் கூடு கட்டி, குரும்பையைக் கடித்துக்கொண்டு, மட்டை வழியாகவும் கேபிள் வழியாகவும் கூரைக்கு வரும். ஒரு முனையில் மட்டும் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது பல்லி எச்சம், விட்டுவிடுங்கள். புதுப் புழுக்கை கறுத்து, பளபளவென்று, நசுக்கினால் மெத்தென்று இருக்கும் (குச்சியால் நசுக்குங்கள், கையால் வேண்டாம்). பழசு வெளுத்து உதிரும். கொல்லைச் சுவரோரம் மண்ணைக் குவியலாகத் தள்ளிய வளை இருந்தால் பெருச்சாளியோ வயல் எலியோ. வயல் எலி கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்து வைக்கும். அந்த வளையை வெட்டி நெல் எடுத்தவர்கள் நம் பக்கம் எத்தனையோ பேர்.

நீளமான மூக்கோடு, கீச் கீச்சென்று கத்திக்கொண்டு, ஒரு வீச்சத்தோடு சுவரோரமாக ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பான் பூச்சியைத் தின்கிற பிராணி. அதை அடிக்காதீர்கள்.

வழி தெரிய வேண்டுமானால் கோலமாவு போதும். அரிசி மாவு வேண்டாம், தின்றுவிடும், கல்மாவுதான். படுக்கப் போகும்முன் சுவரோரம், அலமாரி அடி, பரண் விளிம்பில் மெல்லிசாகத் தூவுங்கள். காலையில் விளக்கைப் பிடித்தால் குட்டிக் குட்டிக் கால் தடமும் நடுவில் வால் இழுத்த கோடும் தெரியும். சந்தேகமான பொந்தில் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து வையுங்கள். விடியும்போது தள்ளிக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. வயலில் சாயங்காலம் வளையை மண்ணால் மூடி, மறுநாள் திறந்ததை எண்ணுவார்களே, அதே கணக்குதான்.

எங்கள் வீட்டில் வழி எங்கே இருந்தது என்று சொல்கிறேன். 2018 நவம்பர் 16 கஜா புயலில் பின்கட்டு ஓடு அத்தனையும் போனது. அவசரத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டோம். ஷீட்டின் ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில், சுவர் தலையில், மூன்று விரல் நுழையும் சந்து. இரண்டு வருடம் அதைக் கவனிக்கவே இல்லை. மூன்றாம் தையில் விதைநெல் மூட்டையின் அடி ஓரம் நூல் நூலாகப் பிரிந்து, உமி மட்டும் தரையில் குவிந்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். சந்து ஓரத்துச் சுண்ணாம்பில் எண்ணெய் தடவியதுபோல் கறுப்பாக வழுவழுவென்று ஒரு கறை. தினமும் அதே இடத்தில் உடம்பை உரசிக்கொண்டு வந்த தடம் அது.

அன்றே அடைத்தோம். ஷீட் சந்துக்குக் கால் அங்குலக் கண்ணிக் கம்பி வலையை வெட்டிச் சொருகி, மேலே சிமெண்ட் பூசினோம். பொந்துகளுக்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரை இறுக்கித் திணித்து, உடைந்த கண்ணாடிச் சில்லு கலந்த சிமெண்ட். வெறும் மண்ணும் துணியும் ஒரு ராத்திரி தாங்காது. எலிக்கு முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அது கடித்தே ஆகவேண்டும். கதவடியில் பென்சில் நுழைகிற சந்து சுண்டெலிக்குப் போதும், அதனால் தகரப் பட்டை அடியுங்கள். சாக்கடைக் குழாய் வாயில் வலை கட்டுங்கள். கூரையைத் தொடும் மட்டையைக் கழியுங்கள். தென்னையில் ஆளுயரத்துக்கு மேல் ஒன்றரை அடி அகலத் தகரத்தைச் சுற்றினால் வழுக்கும், ஏற முடியாது. வைக்கோல் போர் வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தால் தள்ளிப் போடுங்கள். எலி இருக்கும் இடத்துக்குச் சாரையும் நல்ல பாம்பும் பின்னாலேயே வரும். எனக்கு எலியைவிட அந்தப் பயம்தான் பெரிது.

உள்ளே மாட்டிக்கொண்டதைப் பொறி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். வீட்டு எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். எனவே பொறியை முதல் இரண்டு மூன்று ராத்திரி விசை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாட்டுத் தலையோ வைத்து, பழக விடுங்கள். பிறகு ஒரே ராத்திரியில் நாலைந்து பொறியைச் சேர்த்து வையுங்கள், வாய் சுவரைப் பார்த்தபடி. நடுக்கூடத்தில் வைத்தால் ஒன்றும் விழாது. கொல்லைக்கும் வயலுக்கும் தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது. மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்தது, விஷம் கிடையாது. கிட்டி வைக்கிறவரைக் கூப்பிட்டால் சாயங்காலம் வந்து தடம் பார்த்து வைத்துவிட்டு, விடியலில் எடுத்துப் போவார். விழுந்த எலியை எண்ணிக் கூலி. அக்கம்பக்கத்து நாலு வீடு சேர்ந்து செய்தால்தான் பலன். ஒட்டும் அட்டையில் பல்லியும் மூஞ்சூறும் சிக்கித் துடிக்கும், எனக்கு மனசு வரவில்லை.

மருந்து வேண்டாம். ஒரு வருடம் பரணில் நீல நிற எலிக்கேக் வைத்தோம். எலி தின்றதோடு நிற்காமல் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு போய்க் கூடத்தில் போட்டிருக்கிறது. தம்பி மகளுக்கு அப்போது மூன்று வயது. அவள் உள்ளங்கையில் அந்த நீலத் துண்டைப் பார்த்தபோது எனக்கு உயிரே இல்லை. வாயில் வைக்கவில்லை. அன்றோடு சரி. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை நம் அரசே தடை செய்திருக்கிறது. பழைய டியூப் எங்காவது கிடந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். அது வயிற்றுக்குள் போனால் ஓரிரு நாள் ஒன்றுமில்லாததுபோல் இருந்து, பிறகு கல்லீரலைக் கெடுக்கும். மாற்று மருந்து இல்லை. எந்த எலிமருந்தானாலும், யார் வாயில் பட்டாலும், நன்றாக இருக்கிறாரே என்று காத்திருக்காமல் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

புழுக்கையை வறண்ட துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூச்சில் ஏறும். கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, கால் மணி ஊறவிட்டுத் துணியால் வழித்தெடுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெடிப்புக் காலோடு நின்றாலே எலிக்காய்ச்சல் தொற்றும். நடவு வயலில் இறங்குகிற நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. கடும் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் டாக்டரிடம் போய், வீட்டில் எலி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்றைக்கு ராத்திரியே கோலமாவைத் தூவிவிடுங்கள். காலையில் தடத்தையும் புழுக்கையையும், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். பார்த்துவிட்டு எந்த எலி, எந்தப் பக்கம் முதலில் அடைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.