பழுதுபார்ப்புக் குழுவுக்குத் தலைவரானால்: கேள்வி பதில்

சில்லு ஆலைகளில் 18 ஆண்டுகள் கருவிப் பராமரிப்பு பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவன் நான். கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்கல ஆலை வந்த பிறகு, அங்கே சேர்ந்த பிள்ளைகள் நிறையக் கேட்கிறார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணாச்சி, பராமரிப்பு நடக்கும்போது உற்பத்திப் பிரிவு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “எப்போது முடியும்?” என்கிறது. என்ன சொல்ல?

அந்தத் தொலைபேசியை நீங்கள் எடுங்கள், ஸ்பேனர் பிடித்திருப்பவரிடம் போகவிடாதீர்கள். தலைவருக்குச் சம்பளமே அதற்குத்தான்.

நான் இதில் சறுக்கியவன். வெளிநாட்டு ஆலை ஒன்றில், நெருக்கடி தாங்காமல் கசிவுச் சோதனையைப் பாதியில் நிறுத்திக் கருவியை ஒப்படைத்தேன். நள்ளிரவில் அழைப்பு வந்தது. மறுபடி திறந்து பார்த்தால், மூடி காற்றுப் புகாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் மேல் துடைப்புத் துணியின் ஒரே ஒரு நூலிழை!

கசிவுச் சோதனை இதுதான்: கருவியின் உள்ளறையைப் பம்பால் வெற்றிடமாக்கி, பம்ப் பக்க வால்வை மூடிவிட்டு அழுத்தம் ஏறுவதைப் பாருங்கள். நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் கசிவு. முதலில் ஏறிப் பிறகு தளர்ந்தால், பெரும்பாலும் சுவரில் ஒட்டிய ஈரம். இன்னும் கொஞ்சம் பம்ப் ஓடட்டும். ஐந்து நிமிடம் பொறுத்தால்தான் இந்த வித்தியாசம் தெரியும். நான் இரண்டு நிமிடம்தான் பொறுத்தேன்.

மின்கலத்தின் மேல் சிலிக்கான் நைட்ரைடு என்ற மெல்லிய படலத்தைப் படியவைக்கும் கருவியின் வெற்றிடப் பம்ப் அடிக்கடி நின்றுவிடுகிறது. பம்பே மட்டமா?

பம்பைத் திட்டாதீர்கள். அந்தப் படலத்துக்கான சிலேன், அம்மோனியா வாயுக்கள் வினைபுரியும் இடத்தில் பொடி உண்டாகும். அது குழாயிலும் பம்பிலும் அடையும். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் வெளியேற்றக் குழாயின் அழுத்தத்தையும் தினமும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். மெல்ல ஏறுவது கண்ணில் படும். நின்றபிறகு மாற்றுவதைவிட, நீங்கள் குறித்த நாளில் மாற்றுவது மலிவு.

பழுதுபார்க்கும்போது யாரும் கருவியை இயக்கிவிடாதபடி சுவிட்சைப் பூட்டுகிறோமே, அதற்கு ஆளாளுக்குத் தனிப்பூட்டு எதற்கு? ஒரே பூட்டு போதாதா?

போதாது. ஆனித் தேரோட்டத்தில் சக்கரத்தடியில் சறுக்குக் கட்டை கொடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் கை விலகுமுன் வடத்தை இழுத்தால் என்ன ஆகும்? உள்ளே நான்கு பேர் என்றால் நான்கு பூட்டு, சாவி அவரவர் பையில். மின்சாரம் மட்டுமல்ல, வாயுவும் பூட்டப்பட வேண்டும். சிலேன் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கக்கூடியது.

மூத்த தொழில்நுட்பர்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. எனக்கு வயது 27.

கேட்க மாட்டார்கள்தான். “இது ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது, அண்ணாச்சி?” என்று நீங்கள் போய்க் கேளுங்கள். ஒருவருக்குச் சத்தத்தை வைத்தே பழுது தெரியும், இன்னொருவருக்கு வாசனையை வைத்தே தெரியும். அதை ஷிப்ட் குறிப்பேட்டில் அவர் பெயரோடு எழுதுங்கள். அடுத்த ஷிப்டுக்காரர் படிக்கும்போது அந்த மூத்தவருக்கு வரும் பெருமை, உங்கள் பதவியால் வராது.

டிப்ளமா படித்தால் போதுமா?

நுழைவதற்குப் போதும். வெற்றிடம், மின்சுற்று வரைபடம் இரண்டையும் பழகுங்கள். எல்லா ஷிப்டிலும் வேலை இருக்கும், வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.